‘ழேன் பூஸ்’ ஆங்கிலத்தில் முளைக்குமா?

6 ஜனவரி, வந்த கேள்வி

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும் வேலைக்கு நான் புதிது. பத்தொன்பது வயதுப் பாடகி ஒருத்தியை மூலத்தில் ‘ழேன் பூஸ்’ என்று எழுதியிருந்தார்கள். பூஸ் என்றால் முளை, தளிர். நான் ‘எ யங் ஸ்ப்ரவுட்’ என்று போட்டேன். சரிபார்த்தவர் சிவப்பில் வட்டம் போட்டு, ஓரத்தில் ஒரே ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்து அனுப்பிவிட்டார். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நாமே சொல்கிறோம், இதில் என்ன தப்பு? படிமத்தை அப்படியே கொடுப்பதுதானே மூலத்துக்கு நேர்மை?

6 ஜனவரி, இரவு

முளையில் தப்பில்லை தம்பி, ஸ்ப்ரவுட்டில்தான். இங்கிலாந்துக்காரர்களுக்கு ஸ்ப்ரவுட் என்றதும் நினைவுக்கு வருவது கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் குழந்தைகள் தட்டு ஓரத்தில் ஒதுக்கிவைக்கும் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட், அந்தக் குட்டி முட்டைக்கோஸ். அந்தப் பாடகியைக் காய்கறிக் கடையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அது தவிர ‘ழேன் பூஸ்’ இப்போது பிரான்சில் இன்னொரு வேலையும் பார்க்கிறது: ஸ்டார்ட்-அப் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பதிலாக அரசுத் தரப்பில் பரிந்துரைத்த சொல் அதுதான். பாடகியைப் பற்றி எழுதியவருக்கு அந்த நினைப்பு இருந்திருக்காது, ஆனால் வணிகப் பக்கத்தில் இதே சொல் வந்தால் அங்கே முளையும் கிடையாது, ஆளும் கிடையாது, கம்பெனிதான்.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் ‘எ ப்ராமிஸிங் யங் சிங்கர்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பேன். சப்பென்றுதான் இருக்கிறது, தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லைப் படிக்கும்போதும் செடி கொடி எதுவும் கண்ணில் படுவதில்லை. தேய்ந்த காசு அது. தேய்ந்த காசுக்குத் தேய்ந்த காசு கொடுத்தால் போதும்.

இன்னொன்று. நீங்கள் மாட்டிக்கொண்டது பிரெஞ்சாலோ ஆங்கிலத்தாலோ என்று எனக்குத் தோன்றவில்லை. பூஸ் என்று பார்த்தவுடன் தமிழ் முளை மனதில் வந்து உட்கார்ந்துவிட்டது, அது கச்சிதமாகப் பொருந்தியது, பொருந்திய சந்தோஷத்தில் ஆங்கிலத்திடம் ஒரு வார்த்தை கேட்கவே மறந்துவிட்டீர்கள். எனக்கும் இருபது வருடமாக இதே வியாதி.

7 ஜனவரி

பயிர் என்று ஆரம்பித்தாயிற்று, ‘ஆன் எர்ப்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோதுமை இன்னும் பச்சைப் புல்லாக நிற்கும் பருவம். ‘இசைக்கலைஞன் ஆன் எர்ப்’ என்றால் ‘பட்டிங் மியூசிஷியன்’. அகராதியும் அதைத்தான் சொல்லும், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் இரண்டு சொல்லும் சிறுவர்களுக்கும் பொழுதுபோக்குக்காரர்களுக்கும் உரியவை. கேமரா வாங்கி இரண்டு மாதம் ஆனவர் ‘பட்டிங் ஃபோட்டோகிராஃபர்’. இரண்டு இசைத்தட்டு வெளியிட்ட ஆளை அப்படி எழுதினால் அவருடைய மேலாளரிடமிருந்து மின்னஞ்சல் வரும். எனக்கு வந்தது.

‘கோதுமையைப் பச்சையாக இருக்கும்போதே தின்பது’ என்று இதே புல்லை வைத்து இன்னொரு வழக்கும் உண்டு. அதற்கும் இளந்திறமைக்கும் சம்பந்தமே இல்லை, வரப்போகிற பணத்தை முன்கூட்டியே செலவழித்துத் தீர்ப்பது. நம்முடைய விதைநெல்லை அவித்துத் தின்ற கதை என்று எழுதவந்தேன், பிறகு கையை இழுத்துக்கொண்டேன். விதைநெல் அறுவடை முடிந்து எடுத்துவைத்தது, இது அறுவடைக்கு முன்னால் தின்பது. பார்த்தீர்களா, மறுபடியும் தமிழ் நடுவில் புகுந்துவிட்டது.

9 ஜனவரி

‘எஸ்புவார்’ எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதில்தான் நான் அதிகம் விழுந்து எழுந்திருக்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

எஸ்புவார் என்றால் நம்பிக்கை. ‘பிரெஞ்சு டென்னிஸின் எஸ்புவார்’ என்று பதினேழு வயதுப் பையனை எழுதுவார்கள். ஆங்கிலத்தில் ‘யங் ஹோப்ஃபுல்’ என்று ஒரு சொல் தயாராகக் கிடக்கிறது. நம்பிக்கைக்கு நம்பிக்கை, இளமைக்கு இளமை. பல வருடம் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் இங்கிலாந்தில் வளர்ந்த ஒரு தோழி, ‘பாவம், அந்தப் பையனுக்கு இன்னும் யாரும் வாய்ப்புக் கொடுக்கவில்லையா?’ என்று கேட்டாள். அப்போதுதான் உறைத்தது. ஹோப்ஃபுல் என்றால் அந்த ஆளே நம்பிக்கொண்டிருக்கிறான். நடிகர் தேர்வுக்கு வெளியே வரிசையில் நிற்கும் நூறு பேரும் ஹோப்ஃபுல்தான். தேர்தலில் கட்சி டிக்கெட்டுக்கு அலைபவரும் ஹோப்ஃபுல்தான். எஸ்புவாரில் நம்புவது ஊர். அந்தப் பையன் நம்புகிறானா, தூங்குகிறானா என்பது பற்றிப் பேச்சே இல்லை.

நம்மிடம் ‘நம்பிக்கை நட்சத்திரம்’ இருக்கிறது. விளையாட்டுப் பக்கத்தில் வாரம் தவறாமல் வரும். அதில் நம்பிக்கை யாருடையது? நம்முடையது. ஆக இந்த ஒரு விஷயத்தில் தமிழும் பிரெஞ்சும் ஒரே பக்கம், ஆங்கிலம் எதிர்ப்பக்கம். ஆறாம் தேதியும் ஏழாம் தேதியும் தமிழைக் குற்றம் சொன்னேன், இங்கே தமிழைக் கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

பிரெஞ்சுத் திரைப்பட விருதான செஸாரில் 1983 முதல் 2023 வரை இளம் நடிகருக்கும் நடிகைக்கும் ‘மெய்யர் எஸ்புவார்’ என்று விருது கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் அதை ‘மோஸ்ட் ப்ராமிஸிங்’ என்றுதான் வழங்கினார்கள், ‘பெஸ்ட் ஹோப்’ என்று அல்ல. ப்ராமிஸில் வாக்குக் கொடுப்பது அந்த ஆளின் திறமை, நம்புவது நாம். திசை சரியாக வருகிறது.

9 ஜனவரி, சாப்பிட்டபின்

ஒரு திருத்தம். விளையாட்டில் எஸ்புவார் என்று பார்த்ததும் ‘ப்ராமிஸிங்’ போட்டுவிடாதீர்கள். அங்கே அது வயதுப் பிரிவின் பெயர். கால்பந்தில் ‘எக்கீப் த ஃபிரான்ஸ் எஸ்புவார்’ என்றால் 21 வயதுக்குட்பட்டோர் தேசிய அணி, அவ்வளவுதான். தடகளத்தில் 23 வயதுக்குட்பட்டோர். ‘பிரான்சின் நம்பிக்கைக்குரிய அணி தோற்றது’ என்கிற மாதிரி ஓர் ஆங்கில வாக்கியத்தை நானே ஒரு காலத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

13 ஜனவரி

‘இருபது வருடத்தில் படுமோசமாகச் சொதப்பியது எது?’ என்று தம்பி கேட்கிறார். சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

தொழிலுக்கு வந்த இரண்டாவது மாதம். ஒரு நாடகக் குழுவின் நிகழ்ச்சிக் குறிப்பு. நாயகனாக நடிக்கும் 24 வயதுப் பையனை ‘ழேன் கொமெதியேன் ஓ தான் லோங்’ என்று எழுதியிருந்தார்கள். நீளப் பல் உள்ள இளம் கொமெதியேன். முதல் குழி: கொமெதியேன் என்றால் பிரெஞ்சில் நடிகர், எந்த நாடகமானாலும். நான் ‘கமீடியன்’ என்று எழுதினேன். அவன் நடித்தது ராசீனின் துன்பியல் நாடகத்தில். இரண்டாவது குழி பெரியது. பல், நீளம் இரண்டும் இருக்கும் ஆங்கில வழக்கு ஒன்று எனக்குத் தெரியும், ‘லாங் இன் தி டூத்’. தெரிந்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசை வேறு. போட்டுவிட்டேன்.

ஆங்கிலத்தில் அதற்கு வயதாகிப்போன, கிழடுதட்டிய என்று பொருள். குதிரைக்கு வயது ஏற ஏற ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரியுமே, அதிலிருந்து வந்தது. பிரெஞ்சில் நீளப் பல் என்றால் முன்னேறத் துடிக்கும் ஆள், பேராசை கொஞ்சம் கலந்த துடிப்பு. அச்சுக்குப் போகுமுன் சரிபார்த்த அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

‘இந்த நடிகருக்கு வயது என்ன?’

‘24.’

‘அவர் பல்லுக்கு?’

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

14 ஜனவரி

பொங்கலும் அதுவுமாகப் பல்லைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். பலர் கேட்டதால்: அப்போது என்ன போட்டிருக்க வேண்டும்? ‘ஹங்ரி’. ‘எ ஹங்ரி யங் ஆக்டர்.’ இதில் ஒரு வேடிக்கை, நீளப் பல் என்பது பழைய பிரெஞ்சில் பசியைத்தான் குறித்தது, ஆசை பிற்பாடு வந்து சேர்ந்தது. ஆங்கிலத்து ‘ஹங்ரி’யும் அதே வழியில்தான் பசியிலிருந்து ஆசைக்கு வந்திருக்கிறது. பல்லைத் தேடிப் போனேன், வயிற்றைப் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும்.

இந்தப் பல் பெரும்பாலும் ஓநாய் வாயில்தான் இருக்கும். ‘ழேன் லூ’, இளம் ஓநாய். 1967 தேர்தலில் அன்றைய பிரெஞ்சுப் பிரதமர் பொம்பிது களமிறக்கிய இளம் அரசியல்வாதிகளை அப்படித்தான் அழைத்தார்கள். கொரேஸ் மாவட்டத்தில் ஜெயித்து வந்த, பின்னாளில் அதிபரான ழாக் ஷிராக்கும் அதில் ஒருவர். ஆங்கிலத்தில் ‘யங் வுல்ஃப்’ என்றால் இருட்டில் பதுங்கும் ஆள் மாதிரி இருக்கிறது. அரசியல் என்றால் ‘யங் டர்க்’ பொருந்தலாம், ஆனால் அதில் தலைமையை எதிர்த்து நிற்பவன் என்ற வாடை உண்டு. பொம்பிதுவின் ஓநாய்கள் தலைவர் கையில் வளர்ந்தவர்கள். நான் ‘பொம்பிது’ஸ் ஆம்பிஷஸ் யங் மென்’ என்று தட்டையாகவே விடுவேன்.

18 ஜனவரி

‘லா ரலேவ்’ என்பதற்கு ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்று ஒரு பதிலில் எழுதியிருந்தேன். மொன்றியலில் இருக்கும் ஒரு அக்கா திருத்தியிருக்கிறார். கியூபெக்கில் ‘ஆர்த்தீஸ்த் த லா ரலேவ்’ என்றால் ‘எமர்ஜிங் ஆர்ட்டிஸ்ட்’, நல்கைப் படிவங்களில் எல்லாம் அப்படித்தான் வருமாம். நன்றி அக்கா, நான் பாரிஸ் காதோடு கேட்டுவிட்டேன். அடிப்படையில் அது காவல் மாறுவது. ஒரு ஷிஃப்ட் ஆள் இறங்க, அடுத்தவர் வந்து நிற்பது. ‘லா ரலேவ் எத் அஸ்ஸ்யூரே’ என்று பாரிஸில் எழுதினால் பெரியவர்கள் போனாலும் இடம் காலியாகாது, ஆள் தயார் என்று பொருள். அங்கே ‘எமர்ஜிங்’ போட்டால் பெரியவர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

இந்தச் சொல்லின் மேல் ஒரு கறையும் உண்டு. 1942 ஜூனில், உலகப் போரின்போது ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசை நடத்திய லவால் அறிவித்த திட்டத்துக்குப் பெயரே ‘லா ரலேவ்’. ஜெர்மனியில் வேலை செய்ய மூன்று தேர்ச்சி பெற்ற தொழிலாளர்கள் போனால், பதிலுக்கு ஒரு போர்க்கைதி திரும்புவான். அந்தக் கால ஆவணத்தில் இந்தச் சொல் வந்தால் ஆங்கிலத்தில் பெயர்க்கக் கூடாது, பெயராகவே விட வேண்டும்.

19 ஜனவரி

சின்னதாக ஒன்று. தோண்டியெடுத்த இளம் ஆட்டக்காரனை ‘பெபித்’ என்கிறார்கள், தங்கக் கட்டி. ஆட்டக்காரர்களை வளர்க்கும் இடம் ‘பெபினியேர்’, நாற்றங்கால். பெபித் என்பது ஸ்பானிய மொழியில் பழவிதைக்கு வழங்கும் சொல்லிலிருந்து வந்தது, பெபினியேரும் பழவிதையிலிருந்து வந்ததுதான். தங்கமும் நாற்றும் ஒரே கொட்டை. இதனால் வேலையில் ஒரு பைசா பயன் இல்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பயன் உள்ளது இது: பெபினியேரை ‘நர்ஸரி’ என்று எழுதினால் ஆங்கிலத்தில் மூன்று வயதுக் குழந்தைகள் வந்துவிடும். கால்பந்து என்றால் ‘அகாடமி’, தொழில் என்றால் ‘இன்குபேட்டர்’. ‘விவியே’ மட்டும் சுகமாக இறங்கும். உயிர்மீன் போட்டுவைக்கும் குளம், ஆங்கிலத்தில் ‘டேலன்ட் பூல்’. தண்ணீர் தண்ணீராகவே வருகிறது, மீன் மட்டும் செத்துவிடுகிறது.

22 ஜனவரி

‘தனிச்சொல் போதும், ஒரு முழு வாக்கியம் செய்து காட்டுங்கள்.’ சரி. கால்பந்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் அச்சில் நானே ஒன்று கோத்தேன். தமிழில் சொல்லுக்குச் சொல் வைத்தால்: ‘பயிற்சி மையத்தின் பெபித்தான இந்த 17 வயதுப் பையன், அழகிய எதிர்காலத்துக்கு வாக்களிக்கப்பட்டவன், விரைவில் பெர்ஸே செய்ய வேண்டும்.’

கடைசியிலிருந்து வருகிறேன். ‘வேண்டும்’ என்ற இடத்தில் மூலத்தில் ‘தெவ்ரே’. அகராதி ‘ஷுட்’ என்கிறது. ‘ஷுட்’ போட்டால் பையனுக்கு நாம் அறிவுரை சொல்வதுபோல ஆகிவிடும். செய்தி நடையில் அது வெறும் எதிர்பார்ப்பு, ‘இஸ் எக்ஸ்பெக்டட் டு’. பெர்ஸே என்றால் துளைப்பது, முட்டி வெளியே வருவது. குழந்தைக்குப் பல் முளைப்பதற்கும் இதே வினைதான். ‘பிரேக் த்ரூ’ சரி, ஆனால் எதற்குள் என்று ஆங்கிலம் கேட்கும், ஆகவே ‘பிரேக் இன்டு தி ஃபர்ஸ்ட் டீம்’. பெபித்துக்கு ‘ப்ராஸ்பெக்ட்’ போடலாமா என்று அரைமணி நேரம் உட்கார்ந்தேன். ப்ராஸ்பெக்டும் சுரங்கத்தில் புழங்கும் சொல்தான், ஆனால் அங்கே தங்கம் இருக்கக்கூடிய இடம் என்ற அளவுதான். பிரெஞ்சுக்காரர் தங்கத்தைக் கையில் எடுத்துவிட்டார். அதனால் ‘ஜெம்’.

‘தி ஜெம் ஆஃப் தி அகாடமி, தி செவன்டீன்-இயர்-ஓல்ட் இஸ் எக்ஸ்பெக்டட் டு பிரேக் இன்டு தி ஃபர்ஸ்ட் டீம் பிஃபோர் லாங்.’

அழகிய எதிர்காலம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். தூக்கிவிட்டேன். ஒரே வாக்கியத்தில் மூன்று புகழ்ச்சி பிரெஞ்சில் மரியாதை, ஆங்கிலத்தில் பையனை விற்க வந்த தரகர் பேசுவதுபோல் இருக்கும்.

22 ஜனவரி, இரவு

தூக்கியது அதிகப்படி என்று மூன்று பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் சொல்வது நியாயம்: பையன் ஏற்கெனவே முதல் அணியில் ஆடிக்கொண்டிருந்தால் என் ‘ஃபர்ஸ்ட் டீம்’ பொய்யாகிவிடும். மூலத்தில் அது இல்லை, நான் சேர்த்தது. கட்டுரையின் மீதியைப் படிக்காமல் செய்யக் கூடாதுதான். எதிர்காலத்தைத் தூக்கியதில் மாற்றம் இல்லை.

23 ஜனவரி

‘லெத்தோஃப்’ ஒன்றை விட்டுவிட்டேன். ‘அவனிடம் சாம்பியனுக்கான எத்தோஃப் இருக்கிறது.’ எத்தோஃப் என்றால் துணி. ஆங்கிலத்து ‘ஸ்டஃப்’ பழைய பிரெஞ்சிலிருந்து போன இதே சொல்தான். நாமும் ‘அவன்கிட்ட சரக்கு இருக்கு’ என்போம். மூன்று மொழியும் கடைத்தெருவில் சந்தித்துக்கொண்டன என்று ஆனந்தப்பட்டு ‘ஹி’ஸ் காட் தி ஸ்டஃப்’ என்று எழுதினால் பையன் பையில் போதைப்பொருள் இருப்பதாக ஆகிவிடும். சரக்கு என்றாலும் நம் ஊரில் பாட்டில்தானே. ‘ஹி ஹாஸ் தி மேக்கிங்ஸ் ஆஃப் எ சாம்பியன்’, ஆளும் ஜெயிலுக்குப் போகாமல் தப்பிப்பான்.

27 ஜனவரி

பிரெஞ்சு நாடகாசிரியர் கொர்னேயின் பிரபலமான வரியை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்வி. 1637-இல் மேடையேறிய ‘ல சீத்’ நாடகத்தில், இரண்டாம் அங்கம், தன்னைச் சின்னப் பையன் என்று இளக்காரம் செய்யும் கோமகனிடம் ரொத்ரீக் சொல்வது: நான் இளையவன்தான், ஆனால் நல்ல பிறப்புள்ள ஆன்மாக்களுக்கு வீரம் வயது ஏறட்டும் என்று காத்திருப்பதில்லை. பதினெட்டு வயதுப் பையன் கோல் அடித்த மறுநாள் பிரெஞ்சுப் பத்திரிகைகள் இதன் இரண்டாம் பாதியைத் தலைப்பில் தூக்கி வைப்பார்கள். அங்கே படித்தவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம், ஆங்கிலேயருக்கு ஒன்றும் தெரியாது. கவிதையாகப் பெயர்த்தால் விளையாட்டுப் பக்கத்தில் ராஜா வேஷம் கட்டியதுபோல் நிற்கும்.

ஆனால் ஆங்கிலக் கால்பந்துக்குச் சொந்தமாகவே ஒன்று இருக்கிறது: ‘இஃப் யூ’ஆர் குட் இனஃப், யூ’ஆர் ஓல்ட் இனஃப்’. மான்செஸ்டர் யுனைட்டெட் மேலாளர் மேட் பஸ்பி சொன்னதாக வழங்குகிறது. மணிமுடி போய் மழைச்சேறு வந்துவிடுகிறது, நல்ல பிறப்பு சுத்தமாகக் காலி. தலைப்புக்கு நான் யோசிக்காமல் இதைப் போடுவேன். நாடக விமர்சனத்தில் போட்டால் என்னை உதைக்க வேண்டும்.

28 ஜனவரி

எதிர்வீட்டு சொல்தா தாத்தாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியூர்க்காரர்களுக்கு: புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரைச் சொல்தா என்போம். ‘முதல் மாசம் எங்க பேரே யாருக்கும் தெரியாது, ப்லோ, ப்லோன்னுதான் கூப்பிடுவான்’ என்றார். ப்லோ, நீலம். புதிதாகச் சேர்ந்தவன். ஆங்கிலத்தில் அனுபவமில்லாதவன் பச்சை, ‘கிரீன்’. பிரெஞ்சில் பச்சை என்றால் நேர்மாறு, வயதாகியும் துடிப்பு குறையாதவர். 21 வயதுக்குட்பட்ட கால்பந்து அணிக்குச் செல்லப்பெயர் ‘ப்லுவே’, ஒரு நீலப் பூ. முதல் உலகப் போரில் புத்தம்புது நீலச் சீருடையோடு வந்திறங்கிய பையன்களையும் அந்தப் பூவின் பெயரால்தான் அழைத்தார்கள். இதைச் சொன்னதும் தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை.

மார்செய்யில் பொடியன்களுக்கு ‘மினோ’ என்று பெயர். 1981-இல் அந்த ஊர் அணி நொடித்துப்போய், நீதிமன்றம் வரை போய், பெரிய ஆட்டக்காரர்களை வீட்டுக்கு அனுப்பியபோது, பயிற்சி மையத்துப் பையன்கள் மீதி ஆட்டங்களை ஆடி அணி இரண்டாம் பிரிவிலிருந்து இறங்காமல் காப்பாற்றினார்கள். ‘லே மினோ’ என்றால் அந்த ஊரில் இன்றும் அவர்கள்தான். ஆங்கிலத்தில் வெறும் ‘கிட்ஸ்’ என்றால் அந்தக் கதை வராது. ஆனால் ஆங்கிலக் கால்பந்தில் ‘கிட்ஸ்’ சொல்லுக்கே ஒரு கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது: 1995 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைட்டெட் 3-1 என்று தோற்றதும், பொடியன்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது என்று கால்பந்து விமர்சகர் ஆலன் ஹான்சன் தொலைக்காட்சியில் சொன்னார். அந்தப் பொடியன்கள் அதே பருவத்தில் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் ஜெயித்தார்கள். ஆக ‘தி கிட்ஸ்’ என்று போட்டால் வேறு ஊர்ப் பையன்களாவது வந்து நிற்பார்கள். ‘மினோ’வை அப்படியே விட்டு, பக்கத்தில் அரை வரி விளக்கம் தருவது நல்லது.

2 பிப்ரவரி

தம்பியிடமிருந்து தகவல். பாடகிக்கு ‘ப்ராமிஸிங்’ போட்டாராம், வட்டமும் இல்லை, கேள்விக்குறியும் இல்லை. தைரியம் வந்து, அதே கட்டுரையின் கடைசியில் இருந்த ‘ஆ ஸுய்வ்ர்’ என்பதற்கு ‘ஒன் டு வாட்ச்’ என்று எழுதியிருக்கிறார். இந்த முறை ஓரத்தில் ஒரு வரியே வந்திருக்கிறது: ‘பாடகியைக் கேட்க வேண்டாமா, பார்த்தால் போதுமா?’

விட்டுக்கொடுக்காதீர்கள் தம்பி, ‘ஒன் டு வாட்ச்’ வானொலியில் பாடுபவருக்கும் செல்லும். ஆனால் அனுப்புமுன் மூலத்தை இன்னொரு முறை பாருங்கள். பத்திரிகைத் தொடரின் அடியில் தனியாக ‘ஆ ஸுய்வ்ர்’ என்று இருந்தால் அது பாடகியைப் பற்றியே அல்ல. அடுத்த இதழில் தொடரும் என்று போட்டிருக்கிறார்கள்.